மேசைக்கு ஒரு தாள், வாரத்துக்கு ஓர் இரவு

வாரத்தில் குறித்த ஓர் இரவில், உணவும் பானமும் விற்கும் ஒரு கடையில், நான்கைந்து பேர் கொண்ட அணிகள் மேசைக்கு ஒன்றாக அமர்ந்து, ஒருவர் ஒலிவாங்கியில் வாசிக்கும் கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதி, முடிவில் புள்ளிகளைக் கூட்டி வென்ற மேசையை அறிவிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ‘பப் குவிஸ்’ என்ற பெயரில் வேரூன்றி, ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றுக்கும் பரவியிருக்கிறது. மலேசியத் தமிழர் நன்கறிந்த பள்ளிப் புதிர்ப்போட்டியிலிருந்து இது இரண்டு வகையில் விலகி நிற்கிறது. இதில் ஆட வருபவர்கள் வேலை முடித்து வந்த பெரியவர்கள் என்பது ஒன்று. தேர்வோ சான்றிதழோ இல்லாமல், தோற்றவரும் அடுத்த வாரம் அதே மேசைக்குத் திரும்பி வரும்படி நடத்தப்படுகிறது என்பது மற்றொன்று.

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானின் ஒரு பகுதியாகவும், மாநிலச் சட்டமன்றத் தொகுதியொன்றின் பெயராகவும் அறியப்படும் ரஹாங் போன்ற ஓரிடத்தை மனத்தில் வைத்துப் பார்க்கையில், இவற்றுள் முதல் வேறுபாடே முக்கியமானதாகிறது. பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் விட்டும் சுருங்கிய பத்தாண்டுகளில், லயங்களை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பல சிரம்பான், செனாவாங், நீலாய், ரந்தாவ் வட்டாரங்களில் குடியேறின. அவற்றின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் வரை திருக்குறள் மனனம், பேச்சுப்போட்டி, சமயப் புதிர்ப்போட்டி, அறிவியல் விழா என்று ஆண்டு முழுவதும் மேடை ஏறுகின்றனர். ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்த மேடை அவர்களுக்குக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. அதன்பின் அறிவை வைத்து விளையாடும் பொழுது என ஒன்று தமிழ்ப் பெரியவர்களுக்கு வானொலியில் அழைப்பாளராகவோ தொலைக்காட்சியில் பார்வையாளராகவோதான் கிடைக்கிறது. ஒரு சமூகம் தன் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது நல்ல வழக்கமன்று.

ஆளில்லாத இரவுக்கு வந்த உத்தி

மதுக்கூடத்தில் கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு அறிவுப் பணி என்ற நோக்கம் தொடக்கத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் வடமேற்கில் அணிகள் ஒன்றோடொன்று மோதும் புதிர்க் கூட்டமைப்புகள் 1950களின் இறுதியிலேயே இருந்தனவென்றாலும், அதை வாராந்தர வணிகமாக மாற்றியவர்கள் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர். 1976இல் தென் இங்கிலாந்தில் அவர்கள் தொடங்கிய நிறுவனம், ஞாயிறு போன்ற வரத்துக் குறைந்த இரவுகளில் கடைக்கு ஆள் சேர்க்கும் உத்தியாகக் கேள்வித்தாள்களைத் தயாரித்துக் கொடுத்தது. சுமார் 30 அணிகளுடன் தொடங்கியது வாரத்துக்கு ஆயிரக்கணக்கான அணிகளாக வளர்ந்தது. 2009இல் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பு பிரிட்டனில் தொடர்ந்து நடக்கும் புதிர் இரவுகளின் எண்ணிக்கையை 22 ஆயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. மான்ட்ரியல் நகரில் 1979இல் இரு பத்திரிகையாளர்கள் உருவாக்கிய ‘டிரிவியல் பர்சூட்’ என்ற அட்டை விளையாட்டு 1980களில் வீடுகளுக்குள் நுழைந்தபோது, பொது அறிவு விளையாட்டுக்குப் பழகிய ஒரு தலைமுறை கடைகளுக்கும் கிடைத்தது.

கடையை நம்பிப் பிறந்த இந்த வழக்கம் கடையில்லாமலும் உயிர் வாழும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் பிரிட்டன் முடக்கப்பட்டபோது, லங்காஷயரைச் சேர்ந்த ஜே ஃபிளின் தம் ஊர்க் கடைக்கு வருபவர்களுக்காக இணையத்தில் ஒரு புதிர் இரவை அறிவித்தார். அந்த அறிவிப்பை எல்லாரும் பார்க்கும்படி தவறுதலாக அமைத்துவிட்டதால் இலட்சக்கணக்கானவர்கள் ஆர்வம் காட்டினர். நேரலையில் ஒரே சமயத்தில் 1,82,513 பேர் பார்த்தது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. தன் வீட்டு அறையிலிருந்து ஒருவர் கேள்வி வாசிக்க, அவரவர் வீட்டில் குடும்பமே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்த அந்த வாரங்கள், இந்த விளையாட்டின் கரு பீரில் இல்லை, ஒரே மேசையைச் சுற்றி எழும் பேச்சில் இருக்கிறது என்பதை எவரும் மறுக்க முடியாதபடி நிறுவிவிட்டன.

கள்ளுக்கடையின் கணக்கு வேறு

இந்த இடத்தில் ஒரு கேள்வி இயல்பாக எழும். மலாயாத் தோட்டங்களிலும் மாலையில் ஆண்கள் கூடிக் குடித்த ஓர் இடம் இருந்ததே, அங்கே ஏன் இப்படியொரு வழக்கம் முளைக்கவில்லை? காலனிய காலத்துக் கள்ளுக்கடை, தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் அரசு உரிமத்துடன் நடந்தது. ஆங்கிலேயத் தொழிலாளி தன் தெருமுனை மதுக்கூடத்தைத் தன் வரவேற்பறை போலக் கருதிக்கொள்ள முடிந்தது; தோட்டத் தொழிலாளிக்குக் கள்ளுக்கடை என்பது கொடுத்த சம்பளம் கொடுத்தவர்களின் ஏற்பாட்டிலேயே கரைந்துபோகும் இடமாக இருந்தது. ஆகவே தோட்டத்தில் எழுந்த சீர்திருத்த இயக்கங்கள் பலவும் கள்ளுக்கடையைச் சீர்படுத்த எண்ணவில்லை, மூடவே எண்ணின. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தின் பெடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது; 1947இல் அங்கு காவல்துறையுடன் ஏற்பட்ட மோதலில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய வரலாறு உள்ள சமூகத்தில் ‘குடிக்கும் இடத்தில் அறிவு விளையாட்டு’ என்பது, குறிப்பாகப் பெண்களின் காதில், வேறு விதமாகத்தான் விழும்.

பேச்சும் படிப்பும் தோட்டத்தில் வேறு இடங்களைத் தேடிக்கொண்டன. 1935இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டு, கோ. சாரங்கபாணியின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட தமிழ் முரசு நாளிதழ் 1950களில் மாணவர்களுக்கென நடத்திய மாணவர் மணிமன்றப் பகுதி, எழுதப் பழகும் பிள்ளைகளைத் தோட்டம் தோட்டமாகச் சேர்த்தது. அந்த ஊக்கத்தில் மலாயாவெங்கும் மணிமன்றங்கள் தோன்றின. படிப்பகம், நாடகம், பேச்சுப் பயிற்சி, பட்டிமன்றம் என்று அவை நடத்தியவற்றைப் பார்த்தால், வாரம் ஒரு மாலை கூடிப் பேசும் பழக்கம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதிதன்று என்பது தெளிவாகும். ரஹாங்கில் ஒரு புதிர் இரவு அமைய வேண்டுமானால் அது இந்த வழியில் வர வேண்டும். இஸ்லாமியர், சீனர், சீக்கியர் என்று பல இனத்து, பல சமயத்து அண்டை வீட்டாரும் வந்து உட்காரக்கூடியதாகவும், பாட்டியும் பேத்தியும் ஒரே அணியில் இருக்கக்கூடியதாகவும் வேண்டுமென்றால், தே தாரிக் ஆற்றும் ஓர் உணவகமோ, ஒட்டுக்கடைக்குப் பக்கத்துத் திடலோ, பள்ளி மண்டபமோ போதும். மதுக்கூடத்தில் நடத்துவது பாவம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கு நடத்தினால் பாதி ஊர் வராது என்பதே காரணம்.

இந்தியாவில் இந்த விளையாட்டு வளர்ந்த விதமும் இதற்கு ஆதரவாகவே உள்ளது. நீல் ஓ’பிரையன் 1967இல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நடத்தியதே அந்நாட்டின் முதல் முறையான பொதுப் புதிர்ப்போட்டி என்று கருதப்படுகிறது. 1972இல் தொடங்கிய போர்ன்விட்டா போட்டி வானொலி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளை ஈர்த்தது. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ கல்லூரி அணிகளை நாடறிந்த முகங்களாக்கியது. 1983இல் பெங்களூரில் நிறுவப்பட்ட கர்நாடகப் புதிர்ச் சங்கம், பரிசை விடக் கேள்வியின் தரத்தைப் பெரிதாக மதிக்கும் ஒரு மரபை உருவாக்கியது. சென்னையில் லேண்ட்மார்க் புத்தகக் கடை சுதந்திர நாளன்று நடத்திய போட்டியைப் பல ஆண்டுகள் தொகுத்தளித்த நவீன் ஜெயக்குமார் தொழிலால் கண் மருத்துவர். தேவாலய மண்டபம், கல்லூரி, புத்தகக் கடை ஆகியவையே அங்கு களங்களாயின. ஆனால் இவையனைத்தும் ஏறக்குறைய ஆங்கிலத்திலேயே நடந்தன. தமிழில் கேள்வி கேட்டது தொலைக்காட்சிதான்: சன் தொலைக்காட்சியில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’, 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, 2020 ஜனவரியில் வாய் பேசாத, காது கேளாத போட்டியாளர் கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்ற ‘கோடீஸ்வரி’ என்று அதன் வரிசை நீளும். அவற்றில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தனியே வியர்க்க, மற்றவர் வீட்டிலிருந்து வேடிக்கை பார்ப்பர். மேசையில் கூடி ஆடும் வடிவம் தமிழுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

வந்து சேராததற்கு மரபில் இடமில்லை என்று காரணம் சொல்ல முடியாது. தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையை ஒட்டி நடந்த லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் டேப் என்ற தோல்கருவியை அடித்துப் பாடி, ஒருவர் பாட்டிலேயே தொடுத்த புராணக் கேள்விக்கு மற்றவர் பாட்டிலேயே விடை சொல்லியாக வேண்டும். விடை தெரியாதவர் ஊர் முன்னே தலைகுனிவார். இரவு முழுக்கக் கேள்வி பதிலுக்காகவே விழித்திருந்த மக்களுக்கு இரண்டு மணி நேரப் புதிர் இரவு ஒன்றும் பெரிய சுமையாகாது.

கேள்வி எப்படிச் செய்யப்படுகிறது

புதிர் இரவு நடத்துவதில் மேடைக் கவர்ச்சிக்கும் நகைச்சுவைக்கும் பங்கு உண்டு என்றாலும், முக்கால் பங்கு வேலை அந்த இரவுக்கு முன்பே, கேள்வி எழுதும் மேசையில் முடிந்துவிடுகிறது. கேள்வியை எழுதி, சரிபார்த்து, வரிசைப்படுத்துபவரை வினாத் தொகுப்பாளர் எனலாம். அவர் செய்யும் மிகப் பெரிய பிழை, தமக்குத் தெரிந்ததை மற்றவருக்குத் தெரியவில்லை என்று காட்டும் கேள்விகளை எழுதுவது. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் மேசையே மௌனமாகும் கேள்வி, தேர்வுத் தாளுக்குப் பொருந்தலாம், மேசைக்குப் பொருந்தாது. நல்ல கேள்வி என்பது விடை உடனே வராவிட்டாலும், ஆளுக்கொரு துண்டு தெரிந்தவர்கள் பேசிப் பேசி விடைக்கு நடந்து சேர வழி விட்டிருப்பது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். “தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எந்த ஆண்டில் நிறுவப்பட்டது?” என்று கேட்டால் 1960 என்று ஒருவர் எழுதுவார், ஒன்பது பேர் கூரையைப் பார்ப்பர். அதே செய்தியை இப்படிக் கேட்கலாம்: “வெள்ளைக்கார உரிமையாளர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டு, அந்தப் பணத்தில் தோட்டத்தையே வாங்கிவிடலாம் என்று ஓர் அமைச்சர் ஊர் ஊராகச் சொல்லி வந்தார். அவர் தொடங்கிய அமைப்பு வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்ட கோலாலம்பூர்ச் சாலைக்கு இன்று அவர் பெயர். அவர் யார்?” இப்போது மேசையில் உள்ள முதியவருக்குப் பத்து வெள்ளி நினைவுக்கு வரும், தலைநகரில் வேலை பார்க்கும் இளைஞருக்குச் சாலையின் பெயர் நினைவுக்கு வரும், இருவரும் சேர்ந்து துன் சம்பந்தன் என்று எழுதுவர். விடை எளிது. அந்த விடைக்குப் போகும் வழியில் தோட்டத் துண்டாடலின் வரலாறு முழுவதும் மேசைக்கு வந்து போகிறது.

இன்னொரு வகைக் கேள்வி, இரு தலைமுறைகளையும் ஒரே நேரத்தில் தேவைப்படுத்துவது. பால்மரம் சீவப் போகிறவர்கள் விடியுமுன் இருட்டிலேயே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியது ஏன் என்று கேட்டால், தோட்டத்தில் வேலை பார்த்தவர் “வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்” என்று உடனே சொல்லிவிடுவார்; அவருடைய அனுபவத்தில் அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. உயிரியல் படித்த பேரப்பிள்ளைக்கோ, குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உயிரணுக்களுக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதும், வெயிலில் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அவ்வழுத்தம் குறைவதும் தெரியும். ஆனால் அதைப் பால்மரத்தோடு பொருத்திப் பார்த்திருக்க மாட்டார். முழு விடைக்கு இரண்டு புள்ளி என்று வைத்துவிட்டால், ஒருவர் சொன்னதை மற்றவர் முடிக்க, தாளில் எழுதுவதற்குள் அந்த மேசையில் ஒரு சிறு வகுப்பே நடந்து முடிந்திருக்கும். அதன் தொடர்ச்சியாக, பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுசெல்லப்பட்ட விதைகள் லண்டனில் முளைத்து, அவற்றுள் 22 நாற்றுகள் மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன என்பதையும், அந்த மரத்தை நட்டே ஆகவேண்டும் என்று தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ எனப் பெயர் வாங்கிய தாவரவியல் தோட்ட இயக்குநரையும் அடுத்த கேள்விகளாக வைக்கலாம்.

உள்ளூர்ச் செய்தி என்றாலே பழம்பெருமை என்று கொள்ள வேண்டியதில்லை. நாள்தோறும் கையில் புழங்கும் மலேசியப் பணத்தாளில் உள்ள முகம் யாருடையது என்று கேட்டால் பலர் ‘மாமன்னர்’ என்று நிறுத்திவிடுவர். அந்த முகத்துக்குரியவர், நாட்டின் முதல் மாமன்னராக 1957இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்பதும், அந்த மாநிலத்தின் ஆட்சியாளரே சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு வட்டாரங்களின் ‘உண்டாங்’ எனப்படும் தலைவர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதும் சிரம்பானில் வாழும் எவரும் அறிந்திருக்கத் தக்கவை. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், அது எதை ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவதற்காகப் போடப்பட்டது என்று கேட்பது மேல். ஈயம் என்று வரும் விடையோடு பால்மரத்துக்கு முந்திய சிரம்பானின் கதை மேசைக்கு வந்துவிடும்.

பாட்டுச் சுற்று இல்லாமல் தமிழ்ப் புதிர் இரவு நிறைவடையாது. திரைப்பாடலின் பல்லவிக்கு முன்னால் வரும் இசையை மட்டும் பதினைந்து வினாடி ஒலிக்கவிட்டுப் பாடலைக் கண்டுபிடிக்கச் சொல்வது எளிய உத்தி. இலங்கை வானொலி மரபில் பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது விருந்து. ஆனால் இளையராஜா ஒருவரிலேயே சுற்றை முடித்துவிடும் ஆசையைத் தொகுப்பாளர் அடக்கிக்கொள்ள வேண்டும், எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் இன்றைய உள்ளூர் ராப் கலைஞர்களுக்கும் இடம் இருந்தால்தான் மேசையின் எல்லா வயதுக்கும் வேலை இருக்கும்.

சரிபார்ப்பில் காட்டும் சோம்பல் எந்தப் புதிர் இரவையும் ஒரே வாரத்தில் கெடுத்துவிடும். அமெரிக்கரான ஃபிரெட் வொர்த் தம் பொது அறிவுக் களஞ்சியத்தில், ‘கொலம்போ’ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ‘பிலிப்’ என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புதைத்துவைத்தார். டிரிவியல் பர்சூட் அட்டையிலும் அதே பொய் வந்ததைக் கண்டு 1984இல் பெருந்தொகை கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நூலிலிருந்து எடுத்ததை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற வாதம் ஏற்கப்பட, வழக்கு தள்ளுபடியானது. வழக்கில் தோற்றாலும், ஒரே நூலை நம்பிக் கேள்வி எழுதுகிறவரின் கதியை வொர்த் உலகுக்குக் காட்டிவிட்டார். பழைய கேள்வித் தொகுப்புகளை அப்படியே எடுத்தாள்பவர்களுக்கு வேறொரு ஆபத்தும் காத்திருக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் உலகின் உயரமான கட்டடமாக இருந்த காலம் 2004இல் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலேயே 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 அதை விஞ்சி நிற்கிறது. 2006 முதல் கோள்களின் எண்ணிக்கை எட்டு. ‘இப்போது’ என்ற சொல் வரும் எந்தக் கேள்வியையும் அந்த வாரமே மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

இரவை நடத்துவது

நடைமுறை எளிது. அணிக்கு நால்வர் முதல் அறுவர். பத்துப் பத்துக் கேள்விகளாக நான்கு சுற்று. நடுவில் சாப்பாட்டுக்கு இடைவேளை. மொத்தம் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசித்து, சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை வேகமாகத் திரும்பச் சொல்வது வழக்கம். பக்கத்து மேசையின் தாளைத் திருத்தக் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதோடு மேசைகளுக்கு இடையே பேச்சுக்கும் வழி செய்யும். இந்திய மேடைப் போட்டிகளில் கேள்வி அணிக்கு அணி தாவும். விடை தெரியாத அணி அடுத்ததற்குக் கடத்தும். ஆறு அணி மேடையில் ஆட, நூறு பேர் கீழே இருந்து பார்ப்பர். தாள் முறையில் எல்லாக் கேள்வியும் எல்லா மேசைக்கும் உரியது என்பதால், கூச்சமுள்ளவரும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சுபவரும் தம் அணிக்குள் தாழ்ந்த குரலில் சொல்லிவிட முடிகிறது. தோட்டப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர் பட்டதாரிகளோடு ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

விடை எந்த மொழியில் எழுதப்பட்டாலும், எழுத்துப்பிழை இருந்தாலும் ஏற்கப்பட வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து பேசும் ஊரில் எழுத்துத் தூய்மையைக் கேட்பது பாதி மேசைகளை அவமதிப்பதாகும். கேள்வி நல்ல தமிழில் இருந்தால் போதும். கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லும் விதியைக் காவலர் போல அமல்படுத்துவதைவிட, தேடுபொறியில் எளிதில் சிக்காத கேள்விகளை எழுதுவது பயன்தரும். மேலே சொன்ன பால்மரக் கேள்வியைத் தேடி எடுப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா விடையைச் சொல்லிவிடுவார். தகராறு வந்தால் வினாத் தொகுப்பாளரின் முடிவே இறுதி என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். அதே சமயம், அவர் தவறியது தெளிவானால் எல்லா மேசைக்கும் அந்தப் புள்ளியைக் கொடுத்துவிட்டு நகர்வதே மரியாதை.

கடினத்தின் அளவே எல்லாவற்றையும்விட நுட்பமானது. நாற்பதில் வெல்லும் அணி முப்பதைத் தாண்டுவதும், கடைசி அணி பதினைந்துக்குக் கீழே விழாமல் இருப்பதும் நல்ல தாளின் அடையாளம் எனலாம். கடைசி மேசை அடுத்த வாரம் வராவிட்டால் தவறு அந்த மேசையினுடையதன்று. ஒரே அணி தொடர்ந்து வென்றால் மற்றவர்கள் சலித்துப்போவர் என்பதால், மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி அணிகளைக் கலைத்துப் போடுவது, அல்லது வென்ற அணியையே அடுத்த வாரம் ஒரு சுற்றுக்குக் கேள்வி எழுத வைப்பது ஆகிய வழிகள் உண்டு. இரண்டாவதே சிறந்தது, எதிர்காலத் தொகுப்பாளர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றனர். பரிசு ஒரு சாப்பாட்டுக் கூப்பனோ பழக்கூடையோ இருந்தால் போதும். ரொக்கம் வந்ததும் சண்டையும் கூடவே வரும். நுழைவுக் கட்டணம் வாங்காமல் இருப்பதே உத்தமம்.

ஒரு வாரத் தாளுக்கு நாற்பது கேள்வி என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரம் கேள்வி ஆகிறது. இதை ஒரே ஆள் எழுதிக்கொண்டிருக்க முடியாது. தொடங்கிய ஆர்வத்தில் மூன்று மாதம் ஓட்டிவிட்டு நின்றுபோவதே இத்தகைய முயற்சிகளின் வழக்கமான முடிவு. சுழற்சி முறையில் எழுத நான்கைந்து பேர் கிடைத்த பிறகே முதல் இரவை அறிவிப்பது அறிவுடைமை.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்பவை பல. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கொரு விருந்து நடத்துவதோடு நிற்காமல், பள்ளி மண்டபத்தை வாரம் ஓர் இரவு பெரியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ரஹாங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த முன்னாள் கிராணி ஒருவர், பால்மரம் சீவிய பாட்டி ஒருவர், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் என்று நால்வர் ஒரு மேசையில் உட்கார்ந்து முதல் நாற்பது கேள்விகளை எழுதட்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதையும், கூட்டுறவுக்குப் பத்து வெள்ளி கட்டியதையும் நேரில் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய கேள்விகளை இந்த ஆண்டே எழுதிவிட வேண்டும்.